மீட்டலும் பரீட்சையும்

அடகு வைத்த நகையைப் பணங் கட்டித் திரும்பப் பெறுவதை மீட்டல் என்பர். வீணை நரம்பை விரலால் எழுப்புவதும் மீட்டலே. இலங்கைப் பாடசாலைகளில் இச்சொல்லுக்கு மூன்றாவது பொருளொன்றும் வழங்குகின்றது. ஆண்டு முழுவதும் படித்த பாடங்களைப் பரீட்சை நெருங்குங்கால் மீண்டும் நினைவிற் கொண்டுவருதலை ஆசிரியரும் மாணவரும் மீட்டல் என்றே கூறுவர். தமிழகத்தார் இதனைத் திருப்புதல் என்பர். புரட்டிய ஏட்டை இன்னொரு முறை புரட்டுதல் என்ற அளவில் அச்சொல் நின்றுவிடுகின்றது. மீட்டல் என்னும் சொல்லோ, கையை விட்டுப் போன பொருளொன்று உண்டு, அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு விலை கொடுத்தல் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றது.

அந்த விலை எவ்வாறு கொடுக்கப்பட்டது என்பதைக் கிழக்கிலங்கையின் ஒரு கரையில் வைத்துப் பார்க்கலாம். மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவி முடியும் இடத்தையடுத்து, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாகவும், சற்று உள்ளே சம்மாந்துறையாகவும், தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்கள் தொடர்ந்து கிடக்கின்றன. பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்கள் அவற்றினிடையே அமைந்துள்ளன. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இவ்வூரார் தம் இருப்பைத் தாமே வருணிப்பது வழக்கம். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டைகள். மருதமுனையில் கைத்தறி. 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இக்கரை, அவ்வாண்டில் அம்பாறை மாவட்டத்துடன் சேர்ந்தது.

இக்கரையில் பரீட்சை வருவதற்கு முன்னரே மீட்டல் இருந்தது. அது இருந்த இடம் ஓதப்பள்ளி. லெவ்வையின் வீட்டுத் திண்ணையிலோ பள்ளிவாசலின் ஒரு புறத்திலோ பாய் விரித்துப் பிள்ளைகள் அமர்வர். அரபு எழுத்துக் கூட்டுதலில் தொடங்கிக் குர்ஆனை ஓதி முடித்தல் வரை அங்கே கற்பிக்கப்படும். குர்ஆன் முழுவதையும் நெஞ்சிலே பதிக்கும் ஹாபிழ்களின் பயிற்சியோ இன்னும் நுட்பமானது. புதிய பாடம் ஒன்று. அண்மையில் முடித்த பாடங்கள் சில. நெடுநாளைக்கு முன் முடித்த பாகம் ஒன்று. இம்மூன்றையும் மாணவன் நாள்தோறும் ஏட்டைப் பாராது ஓதிக் காட்டுதல் வேண்டும். ஆசிரியர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு செவி கொடுத்திருப்பார். ஓரெழுத்துப் பிழைப்பினும் நிறுத்துவார். எங்கே பிழைத்ததோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி விழும். மறுநாள் அந்தக் குறியின் அருகே வரும்போது மாணவன் தானே விழிப்படைவான்.

முப்பது பாகங்களையும் ஓதி முடித்தவுடன் இக்கல்வி முடிந்துவிடுவதில்லை. மீட்டாது விட்டால் சில மாதங்களிலேயே ஓட்டை விழும் என்பதை ஒவ்வொரு ஹாபிழும் அறிவார். ஆகவேதான் நோன்பு மாதம் அவர்களுக்கு ஆண்டுப் பரீட்சை போன்றது. இரவுத் தராவீஹ் தொழுகையில் முழுக் குர்ஆனையும் அம்மாதத்துள் ஓதி நிறைவு செய்தல் வேண்டும். பின்னால் நிற்பவருள் இன்னொரு ஹாபிழ் இருந்து, தடுமாறும் இடத்தில் எடுத்துக் கொடுப்பார். ஊரே நின்று கேட்கும் பரீட்சை அது.

மனப்பாடம் என்றவுடன் முகஞ்சுளிப்போர் உளர். பொருள் அறியாது ஓதும் பிள்ளைக்கு அறிவு வளராது என்பது அவர் வாதம். பொருளைப் பற்றிய அந்த வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் ஓதப்பள்ளியின் முறையில் இரண்டு கூறுகள் உள்ளமையை அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று, நெஞ்சிலே பதித்தல். மற்றையது, பதித்ததை இன்னொருவர் முன் சொல்லிக் காட்டித் திருத்தம் பெறுதல். பின்னாளிற் பாடசாலைகள் முதலாவதை எடுத்துக்கொண்டன. இரண்டாவதைப் பெரும்பாலும் வாயிலிலேயே விட்டுவிட்டன. இக்கரையின் படிப்பு வரலாற்றிலே நேர்ந்த பெரிய இழப்பு இதுவே எனலாம்.

இந்த இரண்டாவது கூறு அரபுக் கல்விக்கே உரியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் மாணவனுடைய கல்வியை நான்கு கூறாக வகுக்கின்றது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்டாலும் காற்கூறே கைவரும். உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்கூறு வரும். எஞ்சிய பாதியோ தான் கற்றதைப் பிறருக்குச் செவ்விதாக எடுத்துரைப்பதால் வரும் என்பது அதன் கணக்கு. லெவ்வையின் திண்ணையும் பண்டிதரின் திண்ணையும் இவ்விடயத்தில் ஒரே கருத்துடையன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாவது திண்ணையொன்று வந்தது. 1814இல் மட்டக்களப்பில் வந்திறங்கிய வெசிலியன் மிஷனரி வில்லியம் ஓல்ற் தொடக்கிவைத்த பணி மெல்ல மெல்லத் தெற்கே பரவிக் கல்முனையிலும் பாடசாலையாக வளர்ந்தது. 1869இல் அரசினர் பொதுக் கல்வித் திணைக்களத்தை நிறுவினர். அடுத்து வந்த ஆண்டுகளில், பிள்ளைகள் பெறும் சித்திக்கேற்ப உதவி நன்கொடை வழங்கும் முறை நாட்டிற் புகுந்தது. இங்கிலாந்தில் 1862இல் வகுக்கப்பட்ட விதிகளின் சாயல் அது. வித்தியாதரிசி ஆண்டுக்கொரு முறை வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். சித்தியடைந்த பிள்ளைக்குப் பணம். தவறிய பிள்ளைக்கு இல்லை. விளைவு யாதாயிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பாடத்தை ஒப்புவிக்கும் பிள்ளைகளைப் பற்றி இங்கிலாந்திலேயே கதைகள் வழங்கின. அங்கே வித்தியாதரிசியாயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னோல்ட் இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். மீட்டல் என்பது பிள்ளை தன் கல்வியைத் திரும்பப் பெறுவதற்கு என்றிருந்தது போய், பாடசாலை தன் பணத்தைப் பெறுவதற்கு என்றானது அப்போதுதான்.

முஸ்லிம்கள் இப்பாடசாலைகளை ஐயத்துடன் நோக்கினர். பிள்ளை மதம் மாறிவிடுமோ என்ற அச்சமே காரணம். அதனை மடமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. மதமாற்றம் அப்பாடசாலைகளின் நோக்கங்களுள் ஒன்றாகவே இருந்தது. ஆயினும் அச்சத்துக்குக் கொடுத்த விலை பெரிது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை இதனை உணர்ந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, தம் சமூகத்தாரைக் கல்வியின்பால் அழைத்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த அரபி பாஷாவின் ஊக்கமும் சேர, 1892இற் கொழும்பில் சாஹிராக் கல்லூரியின் முன்னோடியான மத்ரஸா எழுந்தது. கிழக்குக் கரைக்கு அந்த அலை வந்து சேர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. அதுவரை, அரபு எழுத்தாலே தமிழை எழுதும் அரபுத் தமிழை வாசிக்கத் தெரிந்த ஆடவரும் பெண்டிரும் பலர் இருந்தும், பரீட்சை எழுதத் தெரிந்தவர் மிகச் சிலரேயாயினர்.

பரீட்சை என்றால் அந்நாளில் கேம்பிரிட்ஜ் பரீட்சை. சீன தேசத்தில் 605ஆம் ஆண்டளவிலே தொடங்கி 1905இல் நிறுத்தப்பட்ட அரச உத்தியோகப் பரீட்சைகள் போல, இதுவும் உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்தது. 1858இல் இங்கிலாந்திலே தொடங்கிய கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880 முதல் இலங்கையிலும் நடத்தப்பட்டன. வினாக்கள் கடல் கடந்து வரும். விடைகள் கடல் கடந்து போகும். பெறுபேற்றுக்கு மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். வினாத்தாளை ஆக்குபவர் நெல் வயலையோ கரைவலையையோ கண்டவரல்லர். அவரது ஊரின் வரலாற்றையும் இலக்கியத்தையும் இங்குள்ள பிள்ளை அவரது மொழியிலேயே எழுதிக் காட்டுதல் வேண்டும்.

அப்பரீட்சையைக் கல்முனைக் கரையிலிருந்து சென்று வென்ற ஒருவரை நாடறியும். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த மயில்வாகனன், பின்னாளில் விபுலாநந்த அடிகள். ஊரிலே தமிழ் பயின்று, கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் தொடங்கி, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் கற்று, 1908இல் பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அதன்பின் அவர் எழுதிய பரீட்சைகளே கூடுதலாகக் கவனிக்கத்தக்கவை. ஆசிரியப் பயிற்சி பெற்றுக் கற்பித்துக்கொண்டே, 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிற் சித்தியடைந்தார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தைப் பெற்ற முதல்வர் அவரே. அதே ஆண்டில் விஞ்ஞான டிப்ளோமாவும் பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். யாப்பிலக்கணமும் பௌதிகமும் ஒரே தலைக்குள் ஒரே காலத்தில் மீட்டப்பட்டன. பகலிற் பிறருக்குக் கற்பித்தவர் இரவிலே தமக்குக் கற்றார். நன்னூலார் சொன்ன எஞ்சிய பாதி, கற்பித்தலால் வரும் பாதி, அவருக்குத் தொழிலாகவே கிடைத்திருந்தது.

மேதைகளை உதாரணங் காட்டுவதில் ஓர் இடர் உண்டு. காரைதீவிலிருந்து ஒருவர் வென்றாராதலின் எல்லோரும் வெல்லலாம் என்று சொல்லிவிட்டு, அரசும் ஊரும் கைகழுவிக் கொள்ளும். அவருடைய காலத்தில் அவரோடு ஓதப்பள்ளியிலோ திண்ணைப் பள்ளியிலோ படித்து, வட்டைக்கும் வலைக்கும் போய்விட்ட பிள்ளைகளே மிகப் பலர்.

அந்தப் பலரைப் பற்றிக் கவலைப்பட்ட ஒருவர் போர்க் காலத்திலே கல்முனைக்கு வந்தார். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. நெல் விளைவைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் ஒரு கச்சேரி திறக்கப்பட்டு, அதற்கு உதவி அரசாங்க அதிபராக ஏ. எம். ஏ. அஸீஸ் அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இற் பிறந்து, இந்துக் கல்லூரியிற் கற்று, இலங்கைச் சிவில் சேவைப் பரீட்சையிற் சித்தியெய்திய முதல் முஸ்லிம் அவர். அந்தப் பரீட்சையின் கடுமையை அறிந்தவர் ஆதலின், நெல்லைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். இயல்பான கூர்மையுடைய பிள்ளைகள் வசதியின்மையால் இடையிலே நின்றுவிடுவதைக் கண்டார். கல்முனையிலே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்று அவர் முயற்சியால் உருவாயிற்று. 1945இற் கொழும்பில் அவர் முன்னின்று நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி, திறமையும் வறுமையும் ஒருங்கே வாய்த்த மாணவருக்குக் கை கொடுத்தது. விபுலாநந்த அடிகளும் அவரும் நெருங்கிய நண்பராயிருந்தனர் என்பது இக்கரையார் இன்றும் விருப்புடன் நினைவுகூரும் செய்தி. 1948இற் சிவில் சேவையைத் துறந்து கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபரான அஸீஸ், 1961 வரை அப்பதவியில் இருந்தார். கிழக்கின் மாணவர் பலருக்கு அக்கல்லூரி விடுதி இரண்டாவது வீடாயிற்று.

1945இல் ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கல்விக் கட்டணம் நீங்கியது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலும் மத்திய கல்லூரிகளும் கிராமப் பிள்ளைக்கு வழி திறந்தன. 1949இற் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் முதலானோரின் முயற்சியால் கல்முனையிலேயே சாஹிராக் கல்லூரி எழுந்தது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை முஸ்லிம் ஊர்களுக்கு ஆசிரியரை ஆக்கித் தந்தது. பெண்பிள்ளைகள் பருவமெய்தியதும் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் தளர்வதற்கு மேலுங் காலம் பிடித்தது; 1970களிற் கல்முனையில் மஹ்மூத் மகளிர் கல்லூரி தோன்றிய பின்னரே அது விரைந்தது. அதற்குப் பிந்திய மாற்றம் வியக்கத்தக்கது. பாட்டி அரபுத் தமிழ் மட்டும் வாசித்த வீட்டிலே பேர்த்தி மருத்துவப் பீடத்துக்குப் படிக்கலானாள்.

கட்டணம் நீங்கினாலும் மீட்டலுக்கு ஆகும் செலவு நீங்கவில்லை. மண்ணெண்ணெய் வாங்குதல் வேண்டும். குப்பிவிளக்கின் புகையில் ஒரு பிள்ளை படிக்கலாம். அரிக்கன் லாம்பு இருந்தால் மூன்று பிள்ளைகள் சுற்றியிருந்து படிக்கலாம். மருதமுனையில் இரவிலும் தறியின் ஓசை அடங்காத வீடுகள் உண்டு. அந்த ஓசைக்கு நடுவே அட்சரகணிதம் செய்தோர் உளர். வீட்டில் இடமில்லாதோர் பாடசாலை மண்டபத்திலும் பள்ளிவாசல் விறாந்தையிலும் கூடினர். ஒருவன் வாசிப்பான், மற்றவன் புத்தகத்தை மூடிவைத்துக் கேள்வி கேட்பான், மூன்றாமவன் பிழை பிடிப்பான். எவரும் வகுத்துக் கொடுக்காமலே ஓதப்பள்ளியின் முறை அங்கே திரும்பி வந்தது. விளக்குப் பஞ்சமே அதற்குக் காரணம் எனினும் பொருந்தும். மின்சாரம் வந்து ஒவ்வொருவரும் தத்தம் அறையிலே தனித்துப் படிக்கத் தொடங்கியபோது, கேட்பார் இல்லாது போயினர்.

பஞ்சாங்கமும் இக்கரைக்கு இடர் செய்தது. பொதுப் பரீட்சை நெடுங்காலம் டிசெம்பர் மாதத்திலே நடந்தது. கொழும்பிலே டிசெம்பர் இதமான மாதம். கிழக்கிலோ அது வடகீழ்ப் பருவ மழையின் உச்சம். வெள்ளம் தெருவை மூடும். தோணியிற் பரீட்சைக்குச் செல்லும் ஊர்களும் இருந்தன. 1957 டிசெம்பரில் வந்த பெருவெள்ளத்தை முதியோர் மறந்திலர். 1978 நவெம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி, பாடசாலைகளின் கூரைகளைப் பிய்த்தெறிந்ததோடு, பரீட்சைக்கு ஆயத்தமாயிருந்த மாணவரின் கொப்பிகளையும் நீரிலே கரைத்தது. புத்தகம் நனைந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆண்டு முழுவதும் ஆசிரியர் சொல்ல எழுதிய குறிப்புக் கொப்பி நனைந்தால் அதற்கு மாற்றே இல்லை.

அந்தக் குறிப்புக் கொப்பியைப் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். 1950களில் உயர் வகுப்புகளும் தாய்மொழிக்கு மாறின. 1960இற் பல்கலைக்கழகக் கலைப் பிரிவும் மாறியது. மாற்றம் நியாயமானது; வேண்டியதும் ஆகும். ஆயினும் பாடப்புத்தகங்கள் அதே வேகத்தில் தமிழில் வரவில்லை. ஆங்கில நூலை ஆசிரியர் படித்துத் தமிழிற் குறிப்பாக்கிச் சொல்ல, மாணவர் எழுதினர். அது ஆசிரியர் செய்த அரும்பணி. ஆனால் ஒருமுறை எழுதிய குறிப்பு ஆண்டாண்டாகக் கைமாறியது. பாடம் என்றால் குறிப்பு, மீட்டல் என்றால் குறிப்பை மனனஞ் செய்தல் என்றாயிற்று. கேள்வி சற்றே திரும்பி வந்தால், அதே விடயத்தை அறிந்திருந்தும் மாணவன் திகைத்தான்.

இதற்குப் பரிகாரமாகக் கடந்தகால வினாத்தாள்கள் வந்தன. அவற்றை எழுதிப் பழகுதல் நற்பயன் தரும். ஆனால் விடையும் உடன் அச்சிட்டு விற்கப்பட்டபோது, பெரும்பாலோர் வினாவை வாசித்து விடையையும் வாசித்து, தமக்குத் தெரியும் என்று திருப்திப்பட்டனர். வாசித்தால் விளங்குவது வேறு, வெற்றுத்தாளில் எழுத வருவது வேறு. இம்முறை இந்தக் கேள்விதான் வரும் என்று ஊகஞ் சொல்வோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். மழைக்குக் குறி சொல்வோரைப் போல, தப்பிய கணக்கை எவரும் வைத்திருப்பதில்லை. 1975இற் பழைய சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை வந்தபோது, பழைய வினாத்தாளையே நம்பியிருந்தோருக்குக் காலடி மண் நழுவியது. சில ஆண்டுகளில் அப்பரீட்சை போய்ப் பழையது திரும்பிற்று.

பரீட்சையின் பாரமும் அக்காலத்திலே கூடியது. 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தலும், 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. வடக்கிலே மிகுந்த மனக்கசப்பை விளைத்த அவ்வேற்பாடு, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்ட அம்பாறைக்குச் சில கதவுகளைத் திறந்தது. இவ்விரண்டும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, மறு ஆண்டில் முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவில் வயல்களுக்கும் கடலுக்கும் நடுவே எழுந்ததும், கதவு வீட்டுக்கு அருகிலேயே வந்தது. சம்மாந்துறையிற் பிறந்த எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியை அதிற் குறிப்பிடாதிருத்தல் இயலாது.

கதவு திறந்தவுடன் நெரிசலும் வந்தது. தனியார் வகுப்புகள் பெருகின. பரீட்சைக்கு முந்திய வாரங்களிற் கருத்தரங்கு நடத்துதல் வழக்காயிற்று. வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஆசிரியர் வருவார். மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஒலிபெருக்கியிற் பாடம் முழங்கும். பெற்றார் மகிழ்வர், பாடசாலைக்கும் பெயர். ஓதப்பள்ளியிற் பிள்ளை சொல்ல ஆசிரியர் கேட்டார். கருத்தரங்கில் ஆசிரியர் சொல்ல ஐந்நூறு பிள்ளைகள் கேட்கின்றனர். வேலை செய்வது ஆசிரியரின் மூளை. மாலையில் வீடு திரும்பும் பிள்ளை தான் படித்துவிட்டதாகவே நம்பும்.

அந்த நம்பிக்கை எத்துணை ஏமாற்றுடையது என்பதை ஆராய்ச்சியாளர் அளந்திருக்கின்றனர். ஜேர்மனியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் நழுவிவிட்டது. ஆனால் நாள் இடைவெளி விட்டு மீட்டவை நிலைத்தன. 2006இல் அமெரிக்கரான ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இருவர் மாணவரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தனர். மற்றப் பிரிவினர் ஏட்டைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, திரும்பப் படித்தவரே முந்தினர்: நூற்றுக்கு 81, மற்றவர் 75. ஒரு வாரத்தின் பின்னோ நிலைமை தலைகீழாயிற்று. எழுதிப் பார்த்தவர் 56, திரும்பப் படித்தவர் 42. கருத்தரங்கு முடிந்த மாலையிலே பிள்ளையிடம் காணப்படும் தெம்பு, அந்த ஐந்து நிமிடத் தெம்பு.

ஆதலின் மீட்டலை ஒழுங்குசெய்ய முனையும் பாடசாலை, கடைசி மாதத்தை அன்றி முதலாந் தவணையையே நோக்குதல் வேண்டும். இக்கரையிற் சில ஆசிரியர் செய்துவந்த ஏற்பாடு எளியது. திங்கட்கிழமை புதிய பாடம் தொடங்குமுன், சென்ற வாரத்துப் பாடத்திலிருந்தும் சென்ற தவணைப் பாடத்திலிருந்தும் இவ்விரண்டு கேள்விகள், கொப்பி மூடியிருக்கும், பத்து நிமிடம். புதியது, அண்மையது, பழையது என்ற ஹாபிழின் மூன்று அடுக்குத்தான் அது. பிழைத்த கேள்விகளுக்கென ஒரு தனிக் கொப்பி. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அந்தப் பிழைக் கொப்பியை மட்டும் பார்த்தாலே போதும். கணிதத்துக்கு இது மிகவும் பொருந்தும். வரலாற்றுக்கும் தமிழுக்கும் வாயாற் சொல்லிக் காட்டுதல் சிறந்தது. கேட்பதற்கு ஆசிரியர்தாம் வேண்டும் என்பதில்லை. எழுத்தறியாத தாயொருத்தி கேட்டிருந்தாலும், சொல்லும் பிள்ளை தடுமாறும் இடம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். விடிய விடியக் கண்விழிப்பதைக் கெட்டிக்காரத்தனம் என்று மெச்சும் வழக்கம் மட்டும் ஒழியவேண்டியதொன்று. உறக்கத்தில்தான் நினைவு படிகின்றது என்பது இன்று நிறுவப்பட்ட உண்மை.

இத்தகைய ஏற்பாடு ஏதும் செய்ய இயலாத காலங்களும் வந்தன. 1980களிலும் 1990களிலும் போரும் ஊரடங்குச் சட்டமும் இரவுக் கூட்டுப் படிப்பைக் கலைத்தன. அயலூர்ப் பாடசாலைக்குப் போய்வந்த தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் ஊருக்குள் ஒடுங்கினர். பிறகு 2004 டிசெம்பர் 26. அன்று காலை எழுந்த கடல், அம்பாறைக் கரையிற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இலங்கையில் மிகுதியான இழப்பு இந்த மாவட்டத்திலேயே. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோரத் தெருக்கள் தரைமட்டமாயின. இடியாத பாடசாலைகள் அகதிமுகாம்களாயின. கொப்பி, புத்தகம், சான்றிதழ் யாவும் போயின. உடன் இருந்து கேள்வி கேட்ட தோழனும் பல வீடுகளில் இல்லை. 2005இல் உயர்தரப் பரீட்சை எழுதவிருந்த மாணவர், கூடாரத்தினுள்ளே கடன் வாங்கிய குறிப்பைப் பிரதி செய்து படித்தனர். அவ்வாறு எழுதிய பலர் இன்று அதே ஊர்களில் ஆசிரியராயும் மருத்துவராயும் பணிபுரிகின்றனர்.

முஸ்லிம் பாடசாலைகளின் ஆண்டுத் தவணைகள் நோன்பு விடுமுறையைத் தழுவி அமைவன. சந்திரக் கணக்கில் நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகரும். முப்பத்திரண்டு அல்லது முப்பத்துமூன்று ஆண்டிற் சுற்று முடியும். 1967 டிசெம்பரிற் பரீட்சைக் காலத்தோடு நோன்பு வந்தது. 1999, 2000 ஆண்டுகளின் டிசெம்பரில் மறுபடியும் வந்தது. பின்னர் 2020இற் பரவிய கொள்ளை நோய் பரீட்சைப் பஞ்சாங்கத்தையே குலைத்தது. 2020ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சில், பெரும்போக அறுவடை நடக்கும் வேளையில் நடந்தது. 2024ஆம் ஆண்டுக்குரியதோ 2025 மார்ச் 17 முதல் 26 வரை, நோன்பின் நடுப்பகுதியில் வந்தது. பகல் முழுவதும் நோன்பு, காலை வினாத்தாள், இரவு தராவீஹ். கல்முனைக் கரையின் பிள்ளைகள் பலர் சஹர் உணவுக்கு எழும் பின்னிரவையே மீட்டலுக்கு எடுத்துக்கொண்டனர். அவ்வேளையில் வீட்டிலே எல்லோரும் விழித்திருப்பர். உம்மா பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே கேட்க, பிள்ளை புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லும்; ஸுப்ஹுத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும் வரை.